வரைபடத்தில் இல்லாதவள்

சுஜாதாவின் 'நகரம்' சிறுகதையைப் பற்றிப் பேசாத தமிழ் வாசகர் வட்டம் அநேகமாக இல்லை. காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள் வள்ளியம்மாள். பெரிய டாக்டர் பார்க்கிறார். உடனே சேர்க்கச் சொல்கிறார். அதன் பிறகு அந்தத் தாய் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அலைகிறாள். மகளை விட்டுவந்த இடத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் தவிக்கிறாள். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறாள். இதை அதிகார வர்க்கத்தின் அலட்சியத்தைச் சொல்லும் கதையாகவும், நகரத்தின் ஈரமின்மையைச் சொல்லும் கதையாகவும் வாசிப்பதே நம் வழக்கம்.

நாம் வேறொரு வாசிப்பை முன்வைக்க விரும்புகிறோம். அந்தக் கதையில் கொடியவர் என்று ஒருவரும் இல்லை. பெரிய டாக்டர் சிறுமியை மறந்துவிடவில்லை. பிற்பாடு தேடவே செய்கிறார். மற்றவர்கள் அவரவர் மேஜைக்குரிய வேலையைப் பார்க்கிறார்கள். ஆனால் சீட்டு ஓரிடம், கையெழுத்து ஓரிடம், சேர்க்கை ஓரிடம், நோயாளி ஓரிடம் என்று பிரித்துப் போட்டிருக்கிறதே, அது யார் செய்த வேலை? 'நகரம்' ஒரு கட்டட அமைப்பின் கதை. அதில் நோயாளி படுத்திருக்கிறாள், நடப்பவள் தாய். அந்த ஆஸ்பத்திரியின் வாசல்களும் நடைகளும் கதவுகளும் நடக்கிறவளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை அல்ல. நம் காலத்துப் பெருமருத்துவமனைகளும் அவளை மனத்தில் வைத்து அமைக்கப்படவில்லை என்பதே இங்கு நம் வாதம். சொல்லப்போனால், முன்னைவிட மோசமாகவே அமைக்கப்படுகின்றன.

மருத்துவமனைகள் கட்டப்படவில்லை என்று குறை சொல்ல வழியில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. 2023 ஜூனில் கிண்டியில் 1000 கட்டில்களுடன் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியில் மதுரை, கோவை, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளில் அடுக்குமாடி வளாகங்கள் எழுந்தன. மதுரைத் தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2024இல்தான் கட்டுமானம் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அந்த ஒற்றைச் செங்கல்லை வைத்து நடந்த அரசியலை வாசகர்கள் அறிவார்கள். இத்தனையிலும் நாம் கேட்ட கேள்விகள் மூன்றுதான்: எத்தனை கட்டில், எத்தனை கோடி, எப்போது திறப்பு? உள்ளே எது எங்கே இருக்கும், யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டவர் இல்லை. எய்ம்ஸ் வருமா வராதா என்று சண்டை போட்ட இரு தரப்பும், வந்தால் எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஒரு வார்த்தையும் பேசாமல் பூரண ஒற்றுமை காத்தன.

கட்டில் எண்ணிக்கை என்பது ஒரு மாயக் கணக்கு. 1000 கட்டில் என்றால் 1000 நோயாளி என்று வரைபடம் போடுகிறவர் நினைக்கிறார். நம் ஊரில் நோயாளி தனியாக வருவதில்லை. அரசு மருத்துவமனையின் பொதுவார்டைப் பார்த்த எவருக்கும் தெரியும், ஒரு கட்டிலுக்குக் குறைந்தது ஒரு துணையாள். கட்டிலின் மேல் ஒருவர், கட்டிலுக்கடியில் பாய் விரித்து ஒருவர். ஒயர்கூடை, எவர்சில்வர் தூக்கு, வெந்நீர் ஃபிளாஸ்க், மடித்துச் சொருகிய ஒரு மாற்றுப் புடவை. இந்த இரண்டாவது ஆளுக்கு ஆஸ்பத்திரி அகராதியில் ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. 'அட்டெண்டர்' என்பார்கள், அந்தப் பெயரையும் சம்பளம் வாங்கும் கடைநிலை ஊழியரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். "பேஷண்டோட யாரு வந்திருக்கீங்க?" என்ற கூப்பாட்டில்தான் அவள் இருப்பு முதன்முதலாகப் பதிவாகிறது.

அவள் என்ன செய்கிறாள்? சீட்டு போடும் வரிசையில் நிற்பவள் அவள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து ஸ்கேன் அறைவரை தள்ளுபவள் அவள். ரத்தக் குழாயைப் பஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுபவள் அவள். வெளியே எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கிவருகிறாள், மூத்திரப் பையை வடிக்கிறாள், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள், கஞ்சி ஊட்டுகிறாள், குளுக்கோஸ் பாட்டில் தீரப்போகிறதா என்று இரவெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். செவிலியர் பற்றாக்குறை என்று நாம் புள்ளிவிவரங்களில் படிக்கிறோமே, அந்தப் பள்ளத்தைச் சம்பளமில்லாமல் நிரப்பிக்கொண்டிருப்பவள் இவள்தான். அவளை ஒருநாள் வெளியே அனுப்பிவிட்டால் நம் பொதுமருத்துவமனைகளின் வார்டுகள் மதியத்துக்குள் நின்றுபோகும். இத்தனை வேலை செய்பவளுக்கு உட்கார ஒரு திண்டு, படுக்க ஆறடி, குளிக்க ஒரு கதவுள்ள அறை, துணி உலர்த்த ஒரு கொடி, எதுவும் வரைபடத்தில் இல்லை.

எந்தக் கணக்கிலும் இல்லை என்பதே உண்மை. கட்டடங்களுக்கான தண்ணீர்த் தேவையை இந்தியத் தர நிர்ணயம் ஓர் அட்டவணையாகத் தந்திருக்கிறது. 100 கட்டிலுக்கு மேற்பட்ட மருத்துவமனை என்றால் கட்டில் ஒன்றுக்கு நாளைக்கு 450 லிட்டர். செவிலியர் விடுதிக்கு ஆளுக்கு 135 லிட்டர். ரயில் நிலையத்தில் ஏறியிறங்கும் பயணிக்கு ஒரு வரி இருக்கிறது. திரையரங்கின் இருக்கைக்கு ஒரு வரி இருக்கிறது. மூன்று மணிநேரம் படம் பார்ப்பவன் எத்தனை முறை எழுந்துபோவான் என்று யோசித்திருக்கிறார்கள். மூன்று வாரம் கட்டிலுக்கடியில் கிடப்பவளை யோசிக்கவில்லை. கட்டிலின் பெயரில் எழுதிய தண்ணீரைத்தான் அவளும் குடிக்கிறாள். கட்டில் கணக்கில் கட்டிய கழிவறைக்குத்தான் அவளும் போகிறாள். பிறகு கழிவறை நாறுகிறது, 'ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை' என்று நாமே பேசிக்கொள்கிறோம். கணவனுக்குத் துணையாக ஆண்கள் வார்டில் இருக்கும் பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். அவளுக்கான கழிவறை வேறொரு மாடியில் இருக்கும். ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள்.

காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலை ஒன்றின் செலவுக் கணக்கு அது. படுக்கை 15. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், பணிப்பெண்கள், நாவிதர், தண்ணீர் வைப்பவர் என்று ஆள் ஆளாக எண்ணி இன்னாருக்கு இவ்வளவு நெல் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். பழம்பெருமை பேச இதை எடுக்கவில்லை. அந்த வேலையை ஏற்கெனவே பலர் செம்மையாகச் செய்து வருகிறார்கள். தண்ணீர் வைப்பவரையும் ஒரு ஆளாக எண்ணிய அந்தக் கணக்கனின் புத்தி நமக்குப் பிடித்திருக்கிறது.

நிற்க. மருத்துவமனைக் கட்டடக்கலை என்று உலகில் ஒன்று இருக்கிறது, அதற்கு நெடிய வரலாறும் இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரிய திருப்பங்கள் எல்லாமே, அதுவரை வரைபடத்தில் இல்லாத ஒருவரை யாரோ கண்டுகொண்டதால் நேர்ந்தவை. கிரிமியப் போரிலிருந்து திரும்பிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கைவிளக்கேந்திய காரிகை என்று மட்டும் நமக்குப் பள்ளியில் அறிமுகமானவர், உண்மையில் சன்னல் உயரத்தையும் கட்டில் இடைவெளியையும் அளந்து சண்டை போட்டவர். இரு பக்கமும் எதிரெதிர் சன்னல்கள், முப்பது கட்டில் அளவில் ஒரு நீள வார்டு, ஒரு முனையில் நின்றால் மறுமுனைவரை தெரியவேண்டும். லண்டனில் 1871இல் தேம்ஸ் கரையில் திறந்த புனித தாமஸ் மருத்துவமனை அந்த முறையில் எழுந்தது. அந்த வார்டின் வடிவம் ஒரு கண்ணின் வடிவம்; செவிலியின் கண். அதற்கு முன்னால் கட்டடம் போட்டவர்களுக்குச் செவிலி என்று ஒருத்தி இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

அடுத்தது ஃபின்லாந்து. பைமியோ என்ற ஊரின் காசநோய் மருத்துவமனைக்கு 1929இல் நடந்த போட்டியில் வென்ற ஆல்வர் ஆல்டோ, 1933இல் அதைக் கட்டி முடித்தார். சாதாரண அறைகளெல்லாம் நிற்கிற மனிதனுக்காகப் போடப்பட்டவை, நோயாளியோ படுத்திருப்பவன் என்று அவருக்குத் தோன்றியது. எளிய விஷயம்தான், ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றாத எளிய விஷயம். படுத்திருப்பவனுக்குச் சுவரைவிட முக்கியமானது கூரை. எனவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்ந்த வண்ணம் பூசினார். விளக்கைப் படுத்திருப்பவன் பார்வையில் படாத இடத்தில் வைத்தார். வெப்பத்தைத் தலைக்கு அல்லாமல் காலுக்கு வருமாறு செய்தார். ஓர் அறையில் இருவர் தங்குவதால், ஒருவர் கைகழுவும் சத்தம் மற்றவரை எழுப்பாதபடி தண்ணீர் சரிந்து விழும் கோணத்தில் கைகழுவும் தொட்டியைச் செதுக்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. வெயில், காற்று, ஓய்வு ஆகியவைதாம் மருந்து. கட்டடமே மருந்தாக வேண்டியிருந்தது.

இதெல்லாம் கலைஞர்களின் நுண்ணுணர்வு, அறிவியல் அல்ல என்று சொல்வோருக்காக ஒன்று. 1984இல் ரோஜர் உல்ரிச், பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் ஆவணங்களை 23 இணைகளாக ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் சன்னல் என்பது அலங்காரம் இல்லை என்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள அது வழிவகுத்தது.

ஆக, நைட்டிங்கேல் செவிலியைக் கண்டார், ஆல்டோ படுத்திருப்பவனைக் கண்டார். கட்டிலுக்கடியில் படுத்திருப்பவளை அவர்கள் காணவில்லை. காண அவர்கள் ஊரில் அவள் இல்லை. அது அவர்கள் குற்றமில்லை. அவள் நம் ஊரில் இருக்கிறாள், அவளைக் காணவேண்டியது நம் கட்டடக்கலைஞர்களின் வேலை. அவர்களோ அவள் இல்லாத ஊரின் வரைபடங்களை அப்படியே கொண்டுவந்து இங்கே கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் கட்டிய பழைய மாவட்ட ஆஸ்பத்திரிகள் இந்த விஷயத்தில் தற்செயலாகக் கொஞ்சம் தேவலை. வெக்கைக்குப் பயந்து அவன் வார்டைச் சுற்றி அகலமான வராந்தா போட்டான். மருத்துவமனையை ஒற்றைக் கட்டடமாக நிமிர்த்தாமல் தனித்தனித் தாழ்ந்த கட்டடங்களாகப் பரப்பி, இடையில் வேப்பமரமும் புங்கமரமும் விட்டான். துணையாளுக்காக அவன் செய்யவில்லை. ஆனால் துணையாள்கள் அந்த வராந்தாவைத் திண்ணையாக்கிக்கொண்டார்கள், மரத்தடியைச் சமையலறையாக்கிக்கொண்டார்கள். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும் தூரத்தில் இருந்தார்கள். இப்போது அந்த வராந்தாக்களை இடித்துவிட்டுத்தான் கோபுரங்கள் எழுகின்றன. நடுவில் ஒரு நடை, இரு பக்கமும் அறைகள், பட்டப்பகலில் டியூப்லைட். நடையின் இரு முனையிலும் சன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அங்கே ஸ்டோர் ரூம் வந்திருக்கும். துணையாள் ஆறாம் மாடியிலிருந்து லிஃப்டுக்குக் காத்திருந்து, கீழே வந்து, வாசலைத் தாண்டி நடைபாதையில் படுக்கிறாள். இரவு இரண்டு மணிக்கு மேலே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்கு எப்படிக் கேட்கும்?

கட்டில் எண்ணிக்கைதான் மருத்துவமனை என்ற எண்ணத்தின் உச்சத்தைச் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் பார்க்கலாம். ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாக வடிவமைத்த கட்டடம் அது. 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். விழாவுக்குள் கூரை முடியாததால் சினிமாக் கலை இயக்குநரை வைத்துத் தற்காலிகமாக ஒரு செட் போட்டதும் ஊரறிந்த கதை. ஆட்சி மாறியதும் 2011இல் அதை மருத்துவமனையாக்குவதாக அறிவித்தார்கள், 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். அங்கே பணிபுரியும் மருத்துவர்களையோ, கொரோனாக் காலத்தில் அந்த வளாகம் ஆற்றிய பணியையோ நாம் குறைத்துப் பேசவில்லை. அரசியல் சரி தவறுக்குள்ளும் புகவில்லை. ஒரு கேள்வி மட்டும். எம்.எல்.ஏ.க்கள் விவாதிக்கவும் கோப்புகள் நகரவும் போட்ட கட்டடத்தில் கட்டில்களைப் போட்டால் அது மருத்துவமனையாகிவிடும் என்று நம்மால் எப்படி இத்தனை சுலபமாக ஏற்றுக்கொள்ள முடிந்தது? எதிர்த்தவர்கள்கூடச் சட்டமன்றம் போயிற்றே என்றுதான் வருந்தினார்கள். நோயாளிக்கும் அவருடன் வருபவருக்கும் இது பொருந்துமா என்பது தமிழ்நாட்டின் பெரிய விவாதமாக ஆகவே இல்லை.

தனியார் மருத்துவமனைகள் பரவாயில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். முகப்பில் கிரானைட்டும் நீரூற்றும் காபிக் கடையும் இருக்கின்றன, உண்மைதான். அங்கே துணையாளைத் திட்டமிட்டவருக்கு நன்றாகவே தெரியும். நாள் வாடகை கூடிய தனியறையில் அவளுக்கென்று சோபாக் கட்டில் போட்டுத்தான் இருக்கிறார்கள். ஆக, அவளை எண்ணத் தெரியாமல் இல்லை, காசு கட்டினால் எண்ணுகிறார்கள். அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போய்ப் பார்க்கவேண்டும். மூன்று மூன்றாக இணைத்த எஃகு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கைப்பிடி. யாரும் கால் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கைப்பிடி. அதை வரைந்தவர் துணையாளைப் பார்த்திருக்கிறார், பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரி என்ன சத்திரமா?" என்று ஒரு கேள்வி வரும். சொல்லாராய்ச்சிக்குள் போனால், 'ஹாஸ்பிடல்' என்ற சொல்லே விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே ஆம், சத்திரம்தான் என்று வேடிக்கையாகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வலுவான வாதம் இருக்கிறது: தொற்று. கூட்டம் கூடினால் நோய் பரவும். இதை மறுப்பதற்கில்லை. தென்கொரியாவும் நம்மைப் போலவே குடும்பத்தார் உடனிருந்து பணிவிடை செய்யும் நாடு. 2015இல் அங்கே மெர்ஸ் தொற்று மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி 186 பேரைப் பிடித்து 38 பேரைக் கொன்றது. தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் துணையிருந்த குடும்பத்தாரும் பார்க்க வந்தவர்களும்தான். கொரியர்கள் அதிலிருந்து கற்றது என்ன? துணையாளின் வேலையைச் செவிலியரே செய்யும் வார்டுகளைப் பெருக்கினார்கள். அதாவது அவள் செய்த வேலைக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அந்த விலையைக் கொடுத்தார்கள். நாமும் அப்படிச் செய்வதானால் நல்லதுதான், வரவேற்போம். போதுமான செவிலியரை நியமித்துவிட்டுத் துணையாளை வீட்டுக்கு அனுப்பட்டும். அவள் உழைப்பும் வேண்டும், அவள் உடம்புக்கு மட்டும் இடம் கிடையாது என்பதுதான் நமக்குப் புரியாத கணக்கு. எண்ணப்படாத மனிதர்கள் நடையில் நெருக்கிப் படுத்திருப்பதைவிடத் தொற்றுக்கு உகந்த இடம் வேறு எது?

அரசு அவளை முற்றிலும் அறியாது என்றும் சொல்ல முடியாது. பிரசவ அறையில் தாய்க்குத் துணையாக ஒருவர் உடனிருக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004லேயே கொண்டுவந்தது. பாராட்டவேண்டிய திட்டம். ஆனால் பிரசவக் கட்டில்கள் தடுப்பின்றி அடுத்தடுத்து இருந்தால் கணவனை எப்படி உள்ளே விடுவது? பெண்கள் மட்டும்தான் வரலாம் என்றாகிறது. துணைக்கு வந்தவள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் செவிலி நடக்க வழியிருக்காது. ஆணை பிறப்பித்தவர்கள் ஒரு தடுப்புச் சுவரையும் சேர்த்துப் பிறப்பித்திருக்கலாம்.

2024 நவம்பரில் கிண்டி மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளி ஒருவரின் மகன் பணியிடத்திலேயே கத்தியால் குத்தினான். அது குற்றம், அதற்கு எந்த நியாயமும் கற்பிக்க நாம் வரவில்லை. அதற்குப் பின் வந்த மாற்றங்களைத்தான் கவனிக்கச் சொல்கிறோம். கண்காணிப்புக் காமிரா, கூடுதல் காவலர், துணைக்கு வருபவர் கையில் நிறம் பிரித்த அடையாளப் பட்டை. முதன்முறையாகத் துணையாள் எண்ணப்பட்டாள், ஆபத்தாக. மருத்துவர்களின் பாதுகாப்புக்கு இவை வேண்டும்தான். ஆனால் ஒரு மருத்துவமனையில் கெட்ட செய்தி எங்கே வைத்துச் சொல்லப்படுகிறது என்று கேட்டுப் பார்த்தோமா? நடையில், நின்றபடி, இரண்டு ஸ்ட்ரெச்சர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே சொல்லப்படுகிறது. மருத்துவரும் குடும்பத்தாரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச, கதவுள்ள ஒரு சிறிய அறை வார்டுக்கு ஒன்று. 1000 கட்டில் கட்டடத்தில் அதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

தீ என்று வந்தால் இந்த எண்ணாமை நேரடியாக உயிரைக் குடிக்கும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை, திறக்க முடியாத கண்ணாடிச் சுவர்களுக்குள் மேலேறி எண்பதுக்கும் மேற்பட்டவர்களை மூச்சடைத்துக் கொன்றது. 2024 நவம்பரில் ஜான்சி மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தீ. அடுத்த மாதமே திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. இறந்தவர்களில் லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் உண்டு. அந்த நேரத்தில் நோயாளியைத் தூக்கப்போவது யார்? துணையாள்தான். அவளுக்குப் படிக்கட்டு எங்கே என்று தெரியுமா, சாய்தளப் பாதையில் பழைய கட்டில்களை அடுக்கிவைத்திருக்கிறார்களா, வெளியேறும் வழிப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு அகலம் வைக்கவேண்டிய படிக்கட்டில், பாதி ஆட்கள் கணக்கிலேயே இல்லை.

செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. நம்மைவிட ஏழை நாடான மலாவியில் துணையாளுக்கு மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது: 'கார்டியன்'. அங்குள்ள மருத்துவமனைகளில் கார்டியன்கள் தங்கிச் சமைத்துக்கொள்ளத் தனிக் கூடங்கள் உண்டு. கசுங்கு என்ற ஊரில் 2015இல் கர்ப்பிணிகளுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் சேர்த்தே, கிராமத்து முற்றங்களைப் போல ஒரு காத்திருப்பு வளாகத்தை மாஸ் என்ற கட்டடக்கலைக் குழு அமைத்தது. ருவாண்டாவின் புட்டாரோவில் 2011இல் இதே குழு கட்டிய மருத்துவமனையில் உள்நடைகளே தவிர்க்கப்பட்டன. காற்றில் பரவும் தொற்றுக்கு மூடிய நடைதான் விளைநிலம் என்பதால் நடையைச் சுவருக்கு வெளியே, திறந்த வராந்தாவாகப் போட்டார்கள். நாம் இடித்துத் தள்ளும் அதே வராந்தா.

இன்னும் அருகே, வங்கதேசத்தின் சாத்கிராவில் 80 கட்டில்களுடன் ஒரு செங்கல் மருத்துவமனை இருக்கிறது. காஷெஃப் சௌத்ரி வடிவமைத்து 2018இல் முடிந்தது. கடல் உள்ளே வந்து நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட பகுதி. எனவே கூரைகளிலும் முற்றங்களிலும் விழும் மழையைத் திரட்டி, வளாகத்தின் குறுக்கே வளைந்தோடும் ஒரு வாய்க்காலில் விட்டிருக்கிறார். அந்த வாய்க்காலே உள்நோயாளிப் பகுதியையும் புறநோயாளிப் பகுதியையும் பிரிக்கிறது. சுவர் வேண்டியிருக்கவில்லை, கம்பிக் கதவும் தேவைப்படவில்லை. முற்றம் முற்றமாகக் காற்று, நிழல், உட்கார இடம். பிரிட்டனின் கட்டடக்கலைஞர் சங்கம் 2021ஆம் ஆண்டுக்கான சர்வதேசப் பரிசை அதற்குக் கொடுத்தது. முற்றம் கட்டத் தெரியாதவர்களா நாம்? செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டவரைக் கூட்டிப்போகிறோம். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் பளபளப்பான ஒரு பெட்டிதான் நினைவுக்கு வருகிறது.

கட்டடக்கலைஞர்கள் மேல் மட்டும் பழிபோடுவது நியாயமில்லை. டெண்டரில் கட்டில் எண்ணிக்கை இருக்கும், அறுவை அரங்குகளின் எண்ணிக்கை இருக்கும், முடிக்கவேண்டிய மாதமும் இருக்கும். துணையாள் என்ற சொல் இருக்காது. கேட்காததை யார் வரைவார்கள்? கேட்கவைக்கவேண்டியவர்களில் நாமும் அடக்கம். ஒரு சிறுகதையின் வடிவம், உத்தி, முடிவு என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிற நாம், நம் பெற்றோரைக் கிடத்தப்போகும் கட்டடத்தின் வடிவத்தைப் பற்றிப் பத்து வரி விவாதித்ததில்லை.

பொதுப் பணத்தில் ஒரு மருத்துவமனை கட்டும் முன் அதன் வரைபடங்களைத் தமிழில் குறிப்பெழுதி, அந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாதம் ஒட்டிவைக்கவேண்டும் என்று கேட்கிறோம். புறநோயாளி வரிசையில் நிற்பவர்கள் பார்க்கட்டும், வார்டு செவிலிகள் பார்க்கட்டும், துப்புரவுப் பணியாளர்கள் பார்க்கட்டும். சீட்டு வாங்கும் இடத்திலிருந்து ஸ்கேன் அறைவரை எத்தனை அடி, எத்தனை திருப்பம், வழியில் குடிதண்ணீர் எங்கே, இரவில் படுக்குமிடம் எங்கே என்று அவர்கள் விரலை வைத்துக் காட்டிக் கேட்கட்டும். தோப்பூரில் சுவர்கள் எழுந்துவிட்டாலும் உள்ளே மாற்றக்கூடியவை உண்டு. அதற்கடுத்து வரப்போகும் வளாகங்களுக்கோ எல்லாமே மாற்றக்கூடியவை. இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள், கட்டடக்கலை மாணவர்கள், செவிலியர் சிலரேனும் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். தாங்கள் பார்த்த வரைபடங்களில் துணையாளுக்கு எங்கேனும் ஓர் அறை ஒதுக்கியிருந்தால், அது எந்த மாடியில், எத்தனை சதுர அடி, இப்போது அதில் என்ன அடுக்கிவைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள், வெளியிடுகிறோம்.